ஜாமீன்தாரரின் கையெழுத்து

“ஒரு கையெழுத்துத்தானுங்க மாமா. வந்து போட்டுட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம்.”

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, எருமப்பட்டி பக்கம் இப்படியொரு அழைப்பைக் கேட்காத குடும்பம் குறைவு. அடிதடியோ, வேலித் தகராறோ, விபத்தோ, அக்கா மகனையோ பங்காளி பையனையோ போலீஸ் பிடித்துப் போயிருக்கும். மறுநாள் காலையில் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மாமா நாமக்கல் பஸ் ஏறுவார். நீதிமன்ற வராந்தாவில் வேப்பமர நிழல் நகர நகர இவரும் நகர்ந்து உட்கார்ந்திருப்பார். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, இடது பெருவிரலையும் உருட்டிவிட்டு வெளியே வருவார். எவ்வளவு தொகைக்குப் போட்டோம், எத்தனை நாளைக்குப் போட்டோம், பையன் வராமல் போனால் நமக்கு என்ன ஆகும் என்ற மூன்றில் ஒன்றும் அவருக்குத் தெரிந்திருக்காது. வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்குச் சொல்ல நேரமில்லை. கேட்க மாமாவுக்குக் கூச்சம்.

இந்தக் கட்டுரை அவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவருக்காக நிற்கும் ஆளைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் சொற்பம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் ஜாமீன் போடாத கையே இல்லை என்று சொல்லலாம். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு, சீட்டு எடுத்தவருக்கு, லாரி பைனான்ஸுக்கு, மகளிர் குழுவுக்கு என்று எங்கும் ஜாமீன்தாரர் உண்டு. அங்கெல்லாம் நாம் நிற்பது பணத்துக்கு. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நாம் கட்ட வேண்டும். கட்டியதை அவரிடமிருந்து திரும்பக் கேட்க 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நமக்கு வழி வைத்திருக்கிறது. நீதிமன்ற ஜாமீன் அப்படிப்பட்டதல்ல. அங்கே நாம் நிற்பது ஆளுக்கு. ‘வாய்தா தேதியில் இந்த ஆள் இந்த நீதிமன்றத்தில் வந்து நிற்பான், நிற்காவிட்டால் இவ்வளவு தொகையை அரசுக்குச் செலுத்துகிறேன்’ என்பதுதான் அந்தப் பத்திரத்தின் சாரம். பத்திரத்தில் இருக்கும் தொகை அந்த ஆளுக்கான விலை ஆகாது. நம்மைத் தூங்கவிடாமல் வைத்திருக்க நீதிமன்றம் கட்டிய மணி அது.

இதை நம் மொழியே சொல்கிறது. பிணை என்றால் கட்டு, இரண்டைச் சேர்த்து முடிவது. இதற்குப் புணை என்றொரு பழைய வடிவமும் உண்டு. ஆற்றைக் கடக்கும் தெப்பத்துக்கும் புணை என்றுதான் பெயர். சோழர் காலத்தில் கோயில் நுந்தா விளக்குக்கென 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் நெய் அளந்தாக வேண்டும். அவர் தவறினால் பொறுப்பேற்க உறவுக்காரர்கள் புணைப்பட்டதைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த ‘ஜாமீன்’ பின்னால் சேர்ந்துகொண்டது. ஒருவர் கரையேற இன்னொருவர் தெப்பமாவதும், அந்தத் தெப்பமே தன்னைக் கட்டிப்போடுவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

சட்டம் என்ன கேட்கிறது

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. ஜாமீனைப் பொறுத்தவரை எண்கள் மாறின, உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஜாமீன்தாரருடன் சேர்த்து எழுதிக் கொடுப்பது ஒன்று, யாரும் இல்லாமல் தானே எழுதிக் கொடுக்கும் சொந்த ஜாமீன் வேறொன்று என்று இரண்டையும் புதிய சட்டம் தனித்தனியே வரையறுத்திருக்கிறது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உரிமை. காவல் நிலையத்திலேயே விடலாம். ஜாமீன்தாரர் கொண்டுவர வழியில்லாத ஏழை என்றால் சொந்த ஜாமீனில் விட்டே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 478. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லையென்றால் அவரை ஏழை என்று கொள்ளவும் அதே பிரிவு சொல்கிறது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த இந்த ஏற்பாடு வராந்தாவில் காத்திருக்கும் பலருக்குத் தெரியாது. ஜாமீனில் விட முடியாத குற்றங்களில் நீதிமன்றம் விசாரித்து முடிவெடுக்கும். குற்றவியல் நடுவர் மறுத்தால் அமர்வு நீதிமன்றம், அங்கும் இல்லையென்றால் உயர் நீதிமன்றம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவுகளைப் படித்தவர்களுக்கு அந்த வாசகம் மனப்பாடமாக இருக்கும். இன்ன தொகைக்குச் சொந்தப் பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் வேண்டும். ஜாமீன்தாரர்கள் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் நகலோ வங்கிப் புத்தக நகலோ வாங்கி நடுவர் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளலாம். மறு உத்தரவு வரும்வரை காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும் என்பதும் பெரும்பாலும் உடன் வரும். ஊரில் ‘கண்டிஷன் கையெழுத்து’ என்பது இதைத்தான்.

உத்தரவு வந்ததும் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று வீட்டில் நினைப்பார்கள். அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது எடுக்க வேண்டும். சில இடங்களில் வட்டாட்சியரின் சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். வீடு அண்ணன் பெயரில் இருக்கும். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொரு இனிஷியல். வெள்ளிக்கிழமை விட்டால் திங்கட்கிழமைதான். இரண்டு ஜாமீன்தாரருக்கும் கூலி போயிற்று, அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இத்தனைக்கும் ஜாமீன்தாரர் தகுதியானவரா என்று பார்க்க நீதிமன்றம் பிரமாணப் பத்திரத்தையே ஏற்றுக்கொள்ளலாம், ஐயமிருந்தால் விசாரித்துக்கொள்ளலாம் என்பதுதான் பிரிவு 485. சொத்து மதிப்புச் சான்று என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. பிரிவு 484 தொகை மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. அதைக் குறைக்க உயர் நீதிமன்றத்துக்கும் அமர்வு நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஜாமீன்தாரருக்குப் பதிலாகப் பணத்தைக் கட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது பிரிவு 490. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகளை நடைமுறை சாத்திக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. ஓர் ஊரில் இருபது வருஷமாக டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்குத் தம்பி எங்கே இருப்பான் என்பது தெரியும். சிட்டா நகலுக்குத் தெரியாது.

விலைக்கு நிற்பவர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அங்கத்திய ஜாமீன் கம்பெனிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். நீதிமன்றம் கேட்கும் தொகையைக் கட்ட முடியாதவர் அதில் சுமார் 10 சதவீதத்தைக் கட்டணமாகக் கொடுத்தால் கம்பெனி ஜாமீன் நிற்கும். வழக்கில் விடுதலையானாலும் அந்தக் கட்டணம் திரும்ப வராது. கம்பெனிக்குப் பக்கபலமாகத் தாயோ மனைவியோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும், சிலசமயம் வீட்டையே ஈடு காட்ட வேண்டும். ஆள் ஓடிவிட்டால் கம்பெனி அவர்களிடம் வந்து நிற்கும். தேடிப் பிடிக்கும் அதிகாரத்தையும் 1872-ஆம் ஆண்டு டெய்லர் எதிர் டெய்ன்டர் வழக்கின் தீர்ப்பிலிருந்து அங்கே ஜாமீன் நிற்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உலகத்தில் இந்த வியாபாரம் நடப்பது அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும்தான். அமெரிக்காவுக்குள்ளேயும் இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது.

நம் நாட்டில் அந்தக் கம்பெனிகள் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. 1885-இல் இங்கிலாந்தில் ஹெர்மன் எதிர் ஜூக்னர் என்றொரு வழக்கு. நன்னடத்தைக்கு ஜாமீன்தாரர் கொடுக்க வேண்டியிருந்த ஒருவர், தனக்காக நின்றவரிடம் அவருக்கு நட்டம் வராதபடி முன்கூட்டியே பணத்தைக் கொடுத்து வைத்தார். பிறகு அதைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். அந்த ஏற்பாடே செல்லாது, பணத்தை மீட்க முடியாது என்றது நீதிமன்றம். ஜாமீன்தாரருக்கு இழக்க எதுவும் இல்லையென்றால் அந்த ஆளை வழிக்குக் கொண்டுவர அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்ற ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23 வழியாக இந்தச் சிந்தனை இந்திய நீதிமன்றங்களிலும் நிலைத்திருக்கிறது. ஆகவே ‘ஒன்னும் ஆகாது மாமா, ஆனா நாங்க குடுத்துர்றோம்’ என்று ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டாலும் அதை நம்பி வழக்குப் போட முடியாது. நீங்கள் கட்டினால் அது உங்கள் பணம்.

கம்பெனி இல்லையே தவிர, விலைக்கு நிற்பவர்கள் இங்கேயும் உண்டு. நீதிமன்ற வாசலில் ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர், ஒரே ரேஷன் கார்டை வைத்துப் பத்து வழக்கில் நிற்பவர், போலி வீட்டு வரி ரசீது, போலி முத்திரை என்று தமிழ்நாட்டுக் காவல்துறை அவ்வப்போது வழக்குப் பதிந்து ஆட்களைப் பிடித்திருக்கிறது. தான் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று ஒவ்வொரு ஜாமீன்தாரரும் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற பிரிவு 486 இதற்காகவே வந்தது. அதில் பொய் எழுதுவது ஆபத்து. ஆதார், வாக்காளர் அட்டை போன்றவற்றைப் போலியாகத் தயாரிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 337 ஏழு ஆண்டுவரை தண்டனை வைத்திருக்கிறது. ‘நம்ம சொந்தக்காரங்க யாரும் வரமாட்டேங்கறாங்க, ஆயிரம் ரெண்டாயிரம் குடுத்தா ஆளு ரெடி’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஜாமீன் போலி என்று தெரிந்தால் வெளியே வந்த பையன் மறுபடி உள்ளே போவான், கூட ஒரு புது வழக்கோடு.

வழக்கறிஞரையே ஜாமீன் நிற்கச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவரால் முடியாது. கட்சிக்காரருக்காக ஜாமீன் நிற்கவும், ஒரு ஜாமீன்தாரர் நல்லவர் என்று சான்று சொல்லவும் வழக்கறிஞர் மன்ற விதிகளே தடை விதித்திருக்கின்றன.

பையன் வராமல் போனால்

மாமாவின் பயமெல்லாம் இங்கேதான். அந்தப் பயத்தில் பாதி தேவையற்றது, பாதி அவசியமானது.

நீங்கள் அவனுடைய குற்றத்துக்குப் பொறுப்பாளி ஆகவில்லை. தீர்ப்பில் அபராதம் விதித்தால் அதை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. வெளியே வந்து அவன் வேறொரு வம்பு செய்தால் அதற்காக உங்கள் மேல் வழக்கு வராது. நன்னடத்தைக்கு எழுதிக் கொடுக்கும் பிணை தனி, அதை இதனுடன் சேர்க்கக் கூடாது. சொத்து விவரம் காட்டியதாலேயே சாதாரணமாக உங்கள் நிலம் அடமானம் ஆகிவிடாது. நீங்கள் இறந்துபோனால், அதற்கு முன்பே பத்திரத் தொகை பறிமுதல் ஆகியிராத பட்சத்தில், உங்கள் சொத்துக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்தான் வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அவசியமான பாதி இது. அவன் வாய்தாவுக்கு வராவிட்டால் நீதிமன்றம் பிடிவாரண்ட் போடும். பிறகு பத்திரத்தை மீறியாயிற்று என்று பதிவுசெய்து, தொகையைக் கட்டு, அல்லது ஏன் கட்டக் கூடாது என்று காரணம் சொல் என உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். இது பிரிவு 491, பழைய சட்டத்தில் 446. உங்கள் தரப்பைக் கேட்காமல் தண்டத் தொகையை விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் குலாம் மெஹ்தி வழக்கில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸை வாங்காமல் கதவைச் சாத்துவதும், வாங்கி அலமாரியில் வைப்பதும்தான் இங்கே பலர் செய்கிற தவறு. பதில் சொல்லாதவரின் தொகை அபராதத்தைப் போல வசூலிக்கப்படும். பொருளை ஜப்தி செய்யலாம், வருவாய்த் துறை மூலம் நில வரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். அப்படியும் வசூலாகாவிட்டால் ஆறு மாதம்வரை சிவில் சிறை.

இரண்டு ஜாமீன்தாரர்கள் இருந்தால் ஆளுக்குப் பாதி என்று எண்ணிவிடக் கூடாது. 1979-இல் ராம் லால் வழக்கிலும் 1999-இல் முகமது குஞ்சு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரின் பத்திரம் தனி, ஒவ்வொரு ஜாமீன்தாரரின் பத்திரமும் தனி. ரூ.25,000 என்று எழுதியிருந்தால் ஒவ்வொருவருக்கும் முழு ரூ.25,000.

ஆனால் தொகையைக் குறைக்கவும், ஒரு பகுதியை மட்டும் வசூலிக்கவும் பிரிவு 491 நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆளைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தியவர், உண்மையாக முயன்றவர், கூலிக்காரர் என்பதையெல்லாம் எடுத்துச் சொன்னால் நீதிபதிகள் கேட்கிறார்கள். நடுவரின் உத்தரவு பாதகமாக வந்தால் பிரிவு 495-இன்படி அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொரு உரிமையைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. ஜாமீன்தாரர் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். பையன் குடித்துவிட்டுத் திரிகிறான், வாய்தாவுக்குப் போகிறானா என்று கேட்டால் மரியாதையில்லாமல் பேசுகிறான், ஊரைவிட்டுப் போகப் போவதாகக் கேள்விப்படுகிறோம் என்றால் பிரிவு 489-இன்கீழ் நடுவரிடம் ஒரு மனு போதும். நடுவர் அவனை வரவழைப்பார். அவன் வந்து நின்றதும் உங்கள் பத்திரம் ரத்தாகும். வேறு ஜாமீன்தாரர் கொண்டுவராவிட்டால் அவன் சிறைக்குப் போக வேண்டியிருக்கும். அக்கா வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் ஓடிப்போன பிறகு மனுப் போடுவதும் ஓடுவதற்கு முன் போடுவதும் ஒன்றாகாது. அமெரிக்க ஜாமீன் கம்பெனிக்காரரைப் போல நாமே பிடித்துக் கட்டி இழுத்து வரும் அதிகாரம் நமக்கு இல்லை. சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் கயிறு இந்த மனுதான்.

வழக்கு முடிந்த அன்றே எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். மேல் நீதிமன்றம் அழைத்தால் வந்து நிற்பேன் என்று ஆறு மாதத்துக்கு மறுபடியும் ஒரு பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. அது பிரிவு 481. அந்தக் கையெழுத்து புதுக் கையெழுத்து, அதையும் படித்துப் பார்த்தே போட வேண்டும்.

தூர தேசத்தில் லாரி

நாமக்கல் மாவட்டத்தில் ஜாமீனைப் பற்றிப் பேசிவிட்டு லாரி டிரைவரைப் பேசாமல் இருக்க முடியாது. பாடி கட்டுவதும் டேங்கர் ஓட்டுவதும் ரிக் வண்டியோடு வடக்கே போவதும் இந்த மண்ணின் பிழைப்பு. விதர்பாவிலோ ஒடிசாவிலோ நள்ளிரவில் ஒரு விபத்து, ஓர் உயிர் போய்விடுகிறது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1), ஐந்து ஆண்டுவரை தண்டனை உள்ளது, ஆனாலும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். விபத்துக்குப் பின் சொல்லாமல் தப்பிப் போனால் பத்து ஆண்டுவரை என்ற பிரிவு 106(2)-ஐ எதிர்த்து 2024 ஜனவரியில் நாடு முழுக்க ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டுத்தான் 2024 ஜூலை 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஜாமீனில் விடக்கூடியது என்றாலும் டிரைவருக்கு அங்கே யாரைத் தெரியும்? உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். மொழி புரியாது. சேந்தமங்கலத்தில் இருக்கும் அண்ணன் சிட்டாவோடு ரயில் ஏறிப் போனாலும் தமிழில் எழுதிய சிட்டாவை அங்கே யார் படிப்பது?

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் 1978-லேயே சந்தித்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்திருந்தது. கீழே இருந்த நடுவர் ரூ.10,000-க்கு ஜாமீன்தாரர் கேட்டார். மோதி ராமின் உடன்பிறந்தவர் வந்தும், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுத்தார். வழக்கு திரும்ப மேலே போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், சொத்து வேறு மாவட்டத்திலோ வேறு மாநிலத்திலோ இருக்கிறது என்பதற்காக ஒரு ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது, இந்தியன் எவனும் இந்தியாவில் அந்நியன் ஆகமாட்டான் என்ற கருத்தில் தீர்ப்பெழுதி, ரூ.1,000 சொந்த ஜாமீனில் அந்தக் கொத்தனாரை விடச் சொன்னார். கீழ் நீதிமன்றங்களின் தாழ்வாரங்களில் இன்றும் உரக்கப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

2024 ஆகஸ்ட் 22-இல் கிரீஷ் காந்தி வழக்கில் இதன் அடுத்த படி வந்தது. பல மாநிலங்களில் 13 வழக்குகள், எல்லாவற்றிலும் ஜாமீன் கிடைத்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர முடியாமல் அந்த மனிதர் உள்ளேயே கிடந்தார். நீதிபதிகள் பி.ஆர். கவாய், பொள்ளாச்சிக்காரரான கே.வி. விஸ்வநாதன் இருவரும் ஒரே ஜாமீன்தாரர்கள் எல்லா மாநில வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று அனுமதித்தார்கள். ஒரு மனிதனுக்கு ஜாமீன் நிற்க நெருங்கிய உறவினரோ நெடுநாள் நண்பரோதான் வருவார், அந்த வட்டம் சிறியது, குற்ற வழக்கு என்றால் அதுவும் சுருங்கிவிடும் என்ற உண்மையை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஊரில் யாரையும் கேட்டால் சொல்லும் விஷயம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏற 2024 ஆகியிருக்கிறது.

லாரி உரிமையாளர்கள் தங்கள் ஓட்டுநரின் வண்டியில் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் நகலோடு ஓட்டுநரின் முகவரிச் சான்றையும் இரண்டு உறவினர்களின் அடையாள நகல்களையும் ஒரு கவரில் போட்டு வைக்கலாம். செலவு பத்து ரூபாய். அகாலத்தில் அது ஒரு வாரச் சிறையை மிச்சப்படுத்தும்.

ஜாமீன் கிடைத்தும் உள்ளே

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. இவர்களில் ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் நிற்க ஆள் இல்லாததால் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். 1979-இல் ஹுசைனாரா காதூன் வழக்கில் பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக நீதிபதி பி.என். பகவதி பேசியதும் இதைத்தான். ஊரில் வேரூன்றியவன் ஓடமாட்டான் என்றால் சொந்த ஜாமீனே போதும் என்றார் அவர். நாற்பது வருஷம் கழித்தும் அதே வராந்தா.

2022 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இந்தக் கைதிகளைப் பற்றி மனம் கலங்கிப் பேசினார். பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர் பேசியது அது. 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். விடுதலை தாமதமாவதற்கு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதும் ஒரு காரணம் என்பதால் அதை வற்புறுத்தாமல் இருக்கலாம். அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்ட அளவிலான குழு பரிந்துரைத்தால் விசாரணைக் கைதி ஒருவருக்கு ரூ.40,000 வரை அரசே நீதிமன்றத்தில் கட்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு போன்ற சட்டங்களின்கீழ் கைதானவர்களுக்கு இது பொருந்தாது.

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போய் எழுபது வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கே ஒரு மலையாளிப் பழங்குடி விவசாயி தம்பிக்காக ஜாமீன் நிற்க நினைத்தால் எதைக் காட்டுவார்? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் பட்டா பிள்ளைகளுக்குப் போகுமே தவிர விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. விற்க முடியாத நிலத்துக்கு மதிப்புச் சான்றில் என்ன தொகை எழுதுவது? அவர் மிளகுக்கொடியும் பலாமரமும் வைத்துத் தலைமுறையாக அங்கேயே வாழ்கிறவர். எங்கும் ஓடிப்போகாத மனிதர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவரிடம் போய் ரூபாய்க் கணக்கில் சொத்து மதிப்பு கேட்பது அநியாயம். இப்படிப்பட்டவர்களுக்குச் சொந்த ஜாமீனும் பிரமாணப் பத்திரமும்தான் முதல் வழியாக இருக்க வேண்டும், சொத்து கேட்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதே என் முடிவு. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கிற பிரிவுகள் போதும்.

மாமாவுக்கு

இவ்வளவும் படித்துவிட்டு ‘இனிமேல் யாருக்கும் நிற்கமாட்டேன்’ என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நீங்கள் நிற்காவிட்டால் அந்தப் பையன் தரகரிடம் போவான், அல்லது சேலம் மத்தியச் சிறையில் கிடப்பான். தெரிந்து நில்லுங்கள்.

போவதற்கு முன் குற்ற எண், எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், எவ்வளவு தொகை என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காலியிடம் விட்ட படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் பட்டாவையோ கிரயப் பத்திரத்தையோ தரகர் யாரிடமும் விடாதீர்கள், நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டியிருந்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஏற்கெனவே யாருக்காவது நின்றிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வழக்குக்கு 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. அதை வாங்கி வைத்தால் அடுத்த வாய்தா எப்போது, பையன் போன வாய்தாவுக்கு வந்தானா, பிடிவாரண்ட் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துவிடலாம். உங்களுக்குப் பார்க்கத் தெரியாவிட்டால் பேத்தி பார்த்துச் சொல்வாள். வாய்தாவுக்கு முந்தின நாள் பையனுக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் வீடு மாறினால் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்விடும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் அன்றைக்கே நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 15100-க்குப் பேசுங்கள், அழைப்புக்குக் கட்டணம் இல்லை. எல்லாவற்றுக்கும் முதலாக, நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் நகல் ஒன்றை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்ட பிறகே ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.